செங்காந்தள்: மருந்தையும் நஞ்சையும் பிரிக்க முடியாத செடி

மழைக்காலத்தில் மூலனூர், தாராபுரம், ஒட்டன்சத்திரம், கள்ளிமந்தயம் பகுதிகளில் கம்பியிலும் விராலிக் குச்சியிலும் பற்றி ஏறிய கொடிகள் பூத்து நிற்கும். காலை வேளையில் அந்தத் தோட்டங்களில் பெண்கள் வரிசையாக நின்று ஒரு பூவின் மகரந்தத்தை எடுத்து இன்னொரு பூவின் சூல்முடியில் தடவிக்கொண்டிருப்பார்கள். இந்தப் பூவின் சூல்தண்டு அடியிலேயே பக்கவாட்டில் மடங்கி, மகரந்தப் பைகளை விட்டு விலகி நிற்கிறது. பூச்சிகளை மட்டும் நம்பினால் காய்ப்பு குறைந்துவிடும் என்பதால் இந்தக் கைவேலை. தை, மாசியில் காய்களைப் பறித்து உலர்த்தி உடைத்தால் செம்மஞ்சள் நிற விதைகள் கிடைக்கும். விவசாயிகள் ‘கண்வலி’ என்று சுருக்கமாகச் சொல்லும் இந்தப் பயிரின் விதை உள்ளூரில் யாருக்கும் உணவாவதில்லை. வியாபாரிகள் கைமாறி, பெரும்பகுதி வெளிநாட்டு மருந்து ஆலைகளுக்குப் போய்விடுகிறது.

தமிழ்நாட்டின் மாநில மலரான செங்காந்தள்தான் இது. குறிஞ்சிப்பாட்டில் கபிலர் அடுக்கும் பூக்களின் நீண்ட வரிசை இதில்தான் தொடங்குகிறது. ஈழத்தமிழர் இதைக் கார்த்திகைப்பூ என்கிறார்கள். இந்தியாவிலும் இலங்கையிலும் அரசு மருத்துவமனை விஷப் பதிவேடுகளில் நெடுங்காலமாக இடம்பெறும் செடியும் இதுவே.

இது மருந்தா, நஞ்சா என்று கேட்டால் பெரும்பாலானோர் ஒரே பதிலைத்தான் சொல்வார்கள்: சுத்தி செய்தால் மருந்து, செய்யாவிட்டால் நஞ்சு. நஞ்சு ஒரு தனிப் பொருள், மருந்து இன்னொரு பொருள், முதலாவதை நீக்கிவிட்டால் இரண்டாவது மிஞ்சும் என்ற எண்ணம் அந்தப் பதிலுக்குள் இருக்கிறது. சில செடிகளுக்கு இது பொருந்தலாம். செங்காந்தளுக்குப் பொருந்தாது. இதில் வலியைத் தணிப்பதும் உயிரைப் பறிப்பதும் ஒரே மூலக்கூறு, அது செய்வதும் ஒரே வேலை. இதைப் புரிந்துகொள்ளாமல் இந்தச் செடியைப் பற்றி எழுதப்படும் பாட்டி வைத்தியக் குறிப்புகள் ஆபத்தானவை.

அந்த மூலக்கூறின் பெயர் கோல்சிசின். கிழங்கு, விதை, தண்டு, இலை, பூ என்று செடி முழுவதிலும் இருக்கிறது. கிழங்கைவிட விதையில் செறிவு அதிகம் என்பதால்தான் ஆலைகள் விதையை நாடுகின்றன. உலகம் இதை முதலில் அறிந்தது செங்காந்தள் வழியாக அன்று. ஐரோப்பியப் புல்வெளிகளில் இலையுதிர் காலத்தில் ஊதா நிறத்தில் பூக்கும் கோல்சிகம் என்ற செடி செங்காந்தளுக்குத் தூரத்து உறவு; அதன் வழியாகத்தான். கிரேக்க மருத்துவர் டயாஸ்கோரிடஸ் கோல்சிகத்தை நஞ்சு என்று எச்சரித்தார். 6ஆம் நூற்றாண்டில் டிராலெஸ் ஊரைச் சேர்ந்த அலெக்சாண்டர் அதே இனத்துச் செடியின் கிழங்கைக் கவுட் மூட்டுவலிக்குப் பரிந்துரைத்தார். பிறகு பல நூற்றாண்டுகள் மருத்துவர்கள் அதைத் தொட அஞ்சினார்கள். 1763இல் வியன்னாவில் அன்டன் வான் ஷ்டோர்க் மறுபடி சோதனைக்கு எடுத்தார். 1820இல் பிரெஞ்சு வேதியியலாளர்கள் பெலத்தியேயும் கவாந்துவும் அதன் சாரத்தைப் பிரித்தெடுத்தார்கள். 1833இல் ஜெர்மனியின் கைகர் அதற்குக் கோல்சிசின் என்று பெயரிட்டார். செங்காந்தள் கிழங்கிலும் இருப்பது இதே பொருள்தான் என்பதைக் கிளூவர், கிரீன், டுட்டின் என்ற மூவர் 1915இல் வெளியிட்ட ஆய்வு உறுதிசெய்தது.

அதற்கு முன்பே சென்னையில் ஒரு துணிச்சலான சோதனை நடந்திருந்தது. 19ஆம் நூற்றாண்டில் திருவல்லிக்கேணி மருந்தகத்தில் பணியாற்றிய மொய்தீன் ஷெரீப், உள்நாட்டு மூலிகைகளை ஒவ்வொன்றாக ஆராய்ந்தவர். செங்காந்தள் கிழங்கைச் சிறு அளவில் தானே உட்கொண்டு பார்த்து, ஊர் அஞ்சும் அளவுக்கு இது கொடியது அன்று, உடலைத் தேற்றும் குணம் உண்டு என்ற முடிவுக்கு வந்தார். அவர் பொய் சொல்லவில்லை. அவர் எடுத்த அளவு, இன்று மாத்திரையாகக் கொடுக்கப்படும் மருந்தளவை ஒட்டி இருந்திருக்க வேண்டும் என்பது என் கணிப்பு. அதே கிழங்கில் இன்னும் சில துண்டுகள் கூடியிருந்தால் அந்த முடிவை எழுத அவர் இருந்திருக்கமாட்டார். தான் நடந்தது எவ்வளவு ஒடுங்கிய வரப்பு என்பதை அறியும் வழி அன்றைக்கு யாரிடமும் இல்லை.

கோல்சிசின் உடலுக்குள் என்ன செய்கிறது? நம் ஒவ்வொரு செல்லுக்குள்ளும் டியூபுலின் என்ற புரதத்தால் ஆன நுண்குழல்கள் இருக்கின்றன. கட்டடத்துக்குச் சாரம் கட்டுவதுபோல் செல் இவற்றைத் தேவைக்கேற்பக் கட்டும், வேலை முடிந்ததும் பிரிக்கும். செல் இரண்டாகப் பிரியும்போது குரோமோசோம்களை இரு பக்கமும் இழுத்துச் செல்வது இந்தக் குழல்கள்தான். வெள்ளை அணுக்கள் அழற்சி உள்ள இடத்துக்கு நகர்ந்து போவதற்கும் இவை வேண்டும். கோல்சிசின் டியூபுலினைப் பற்றிக்கொண்டு, குழல் மேலும் நீளாதபடி தடுத்துவிடுகிறது. சொல்லப்போனால் டியூபுலின் என்ற புரதமே 1960களில் ‘கோல்சிசினைப் பற்றும் புரதம்’ என்றுதான் ஆய்வாளர்களுக்கு அறிமுகமானது. ஒரு நஞ்சைத் தூண்டிலாகப் போட்டு உயிரியலின் அடிப்படைப் புரதம் ஒன்றைப் பிடித்தார்கள்.

கவுட் நோயில் யூரிக் அமிலப் படிகங்கள் மூட்டில், பெரும்பாலும் கால் பெருவிரலில், படிகின்றன. வெள்ளை அணுக்கள் அங்கே திரண்டு படிகங்களை விழுங்க முயன்று அழற்சியைக் கிளப்புகின்றன. போர்வை பட்டாலும் தாங்காத வலி அதனால்தான். கோல்சிசின் அந்த அணுக்களின் நடமாட்டத்தை முடக்கி, அழற்சிச் சங்கிலியை இடையில் அறுக்கிறது. யூரிக் அமிலத்தை அது குறைப்பதில்லை.

இதே செயல் அளவு மீறினால் எங்கே பாயும்? ஓயாமல் பிரிந்துகொண்டே இருக்கும் செல்களை முதலில் தாக்கும். குடலின் உட்சுவர், எலும்பு மஜ்ஜை, மயிர்க்கால் ஆகியவை அந்த வகை. செங்காந்தள் நஞ்சேறியவருக்கு நேர்வது அப்படியே இந்த வரிசையில் நிகழ்கிறது. முதல் சில மணி நேரம் ஒன்றுமே தெரியாது. பிறகு வாந்தி, வயிற்று வலி, காலரா என்று ஐயுறும் அளவுக்கு நீராகப் போகும் பேதி. இரண்டாம் நாளுக்குப் பின் இரத்த அழுத்தம் சரியும். சிறுநீரகம், இதயம், மூச்சுத் தசைகள் ஒவ்வொன்றாகத் தளரும். மஜ்ஜை முடங்குவதால் வெள்ளை அணுக்களும் தட்டணுக்களும் வீழ்ந்து, கிருமித்தொற்றும் இரத்தக்கசிவும் தொடங்கும். தப்பிப் பிழைத்தவர்களுக்கு ஏறத்தாழ இரண்டு வாரத்தில் தலைமுடி கொத்துக்கொத்தாகக் கொட்டும். 1966இல் இலங்கை மருத்துவர் குணரத்ன ‘பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல்’ இதழில் பதிவு செய்தது அத்தகைய ஒரு பெண்ணைப் பற்றித்தான். உடல் முழுவதும் முடி உதிர்ந்த பிறகும் அவர் பிழைத்தார். முடி உதிர்வது தற்காலிகம், மாதங்களில் திரும்ப முளைத்துவிடும்.

இந்த இடத்தில் தாவர வளர்ப்பாளர்களின் கதையைச் சொல்லாமல் போக மனமில்லை. செல் பிரியும் தறுவாயில் குழல்கள் அறுந்தால், இரட்டித்த குரோமோசோம்கள் பிரிய முடியாமல் ஒரே செல்லில் தங்கிவிடும். 1937இல் அமெரிக்காவில் பிளேக்ஸ்லியும் ஏவரியும் இதைச் செடிகளில் வேண்டுமென்றே செய்து காட்டினார்கள். ஜப்பானில் ஹிதோஷி கிஹாரா இதே உத்தியால் விதையில்லாத் தர்பூசணியை உருவாக்கினார். கோதுமையையும் ரை என்ற தானியத்தையும் கலந்து பெற்ற டிரிட்டிகேல் பயிருக்கு வளம் சேர்த்ததும் கோல்சிசின்தான். மனித மஜ்ஜையை அழிக்கும் அதே செயல் வயலில் புதுப் பயிரை ஈன்றது.

இனிச் சுத்தி முறைக்கு வருகிறேன். ஆயுர்வேதம் இந்தக் கிழங்கை லாங்கலி என்ற பெயரில் உபவிஷங்களில் ஒன்றாகச் சேர்த்திருக்கிறது. எருக்கு, கள்ளி, அலரி, குன்றி, அபின், ஊமத்தை ஆகியவற்றோடு. கிழங்கை மெல்லியதாக அரிந்து கோமியத்தில் ஊறவைத்தல், உப்பிட்ட மோரில் ஊறவைத்து வெயிலில் காயவைத்தல் போன்ற முறைகள் சொல்லப்பட்டுள்ளன. இவற்றை வெறும் சடங்கு என்று நான் தள்ளமாட்டேன். கோல்சிசின் நீரில் கரையும். ஒளி பட்டால் வீரியம் குறைந்த வேறு பொருளாக மாறும். ஆகவே ஊறவைப்பதும் வெயிலில் காயவைப்பதும் அதன் அளவைக் குறைக்கும் என்பதற்கு வேதியியல் காரணம் உண்டு. இதை அனுபவத்தால் கண்டறிந்தவர்களின் கூர்மையை மதிக்கத்தான் வேண்டும்.

ஆனால் குறைவது எது? நஞ்சு என்று நாம் அஞ்சுவதும் மருந்து என்று நாம் நம்புவதும் ஒன்றாகவே குறைகின்றன. முழுக்க வடிந்துவிட்டால் கிழங்கு தீங்கற்றதாகும், பயனற்றதாகவும் ஆகும். ஓரளவு மிஞ்சினால் எவ்வளவு மிஞ்சியது என்பதே கேள்வி. மண், வயது, பருவம், செடியின் மரபு ஆகியவற்றுக்கேற்பக் கிழங்குக்குக் கிழங்கு கோல்சிசின் அளவு மாறுகிறது. எத்தனை நாள் மோரில் ஊறினாலும் அந்தக் கேள்விக்கு விடை கிடைக்காது. ஆய்வகத்தில் அளந்தால்தான் கிடைக்கும். கொதிக்க வைத்தாலும் இந்த நஞ்சு அழிவதில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். வேகவைத்த கிழங்கைத் தின்று இறந்தவர்கள் இருக்கிறார்கள்.

அவர்களில் பலர் தவறுதலாகத் தின்றவர்கள். செடி காய்ந்து கொடி மறைந்த பிறகு மண்ணுக்குள் கிழங்கு மட்டும் கிடக்கும். தோண்டும்போது அது சர்க்கரைவள்ளி என்றோ காட்டு வள்ளிக்கிழங்கு என்றோ தோன்றிவிடும். இலங்கையில் வற்றாளங்கிழங்கு (சர்க்கரைவள்ளி) என்று எண்ணி அவித்துச் சாப்பிட்ட குடும்பங்களைப் பற்றி மருத்துவர்கள் எழுதியிருக்கிறார்கள். பஞ்சம் வரும்போதும் கூலி இல்லாத மாதங்களிலும் காட்டுக் கிழங்கைத் தேடிப் போகும் வீடுகளில்தான் இந்த மயக்கம் நிகழ்கிறது. மனம் உடைந்த நிலையில் இதை நாடியவர்களின் வழக்குகளும் மருத்துவ இதழ்களில் உள்ளன. நாள்கணக்கில் நினைவோடு இருந்து அனுபவிக்கும் துன்பம் அது.

பிரசவத்தைச் சுற்றியுள்ள பயன்பாடுதான் எனக்கு மிகுந்த கவலை தருகிறது. பிரசவம் தாமதமானால், அல்லது நஞ்சுக்கொடி விழாவிட்டால், கிழங்கை அரைத்து அடிவயிற்றிலும் உள்ளங்காலிலும் பூசும் வழக்கம் பல பகுதிகளில் இருந்தது. கருக்கலைக்க உள்ளுக்குக் கொடுப்பதும் உண்டு. லாங்கலிக்குச் சம்ஸ்கிருத மருத்துவ நூல்கள் வழங்கும் இன்னொரு பெயரே கருவை அழிப்பது என்று பொருள்படும். உள்ளுக்குக் கொடுத்தால் தாயின் உயிருக்கே ஆபத்து. பூச்சுக்குப் பலன் உண்டு என்று காட்டும் நம்பகமான மருத்துவச் சான்று இல்லை. நஞ்சுக்கொடி தங்கி இரத்தம் போய்க்கொண்டிருக்கும் பெண்ணுக்கு, பூசிவிட்டுக் காத்திருக்கும் அரை மணி நேரம்கூட உயிர்விலை ஆகலாம். பாம்புக்கடிக்குக் கிழங்கைக் கொடுப்பதும் அப்படியே: ஒரு நஞ்சின் மேல் இன்னொரு நஞ்சு. காசீசாதி தைலம் போன்ற மேற்பூச்சு மருந்துகளில் இது முறையாகச் சேர்க்கப்படுகிறது. இந்திய மருந்து விதிகளின் ஈ(1) அட்டவணை இந்தக் கிழங்கை நச்சுப் பொருளாகப் பட்டியலிட்டு, இது சேர்ந்த உள்மருந்தின் உறையில் மருத்துவர் மேற்பார்வையில் மட்டும் உட்கொள்ள வேண்டும் என்ற எச்சரிக்கையைக் கட்டாயமாக்கியிருக்கிறது. அந்த எழுத்து உறையில் எவ்வளவு சிறியதாக அச்சாகிறது என்பதை வாங்குபவர்கள் ஒருமுறை பார்க்கட்டும்.

அளந்து கொடுக்கும் நவீன மருத்துவமும் சரியான அளவை அண்மையில்தான் கற்றது. கவுட் நோயாளிக்கு வலி தீரும்வரை, அல்லது வாந்தி பேதி தொடங்கும்வரை மணிக்கொரு முறை மாத்திரை கொடுக்கும் பழக்கம் 20ஆம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் இருந்தது. நஞ்சின் முதல் அறிகுறியையே அளவுகோலாகக் கொண்ட மருத்துவம் அது. 2010இல் வெளியான ஒரு சோதனை இதைத் திருத்தியது. ஆறு மணி நேரத்தில் 4.8 மில்லிகிராம் எடுத்தவர்களுக்கும், ஒரு மணி நேரத்துக்குள் 1.8 மில்லிகிராமோடு நிறுத்தியவர்களுக்கும் வலி ஏறக்குறைய ஒரே அளவில் தணிந்தது. பேதி மட்டும் முதல் குழுவில் 77 சதவீதம் பேருக்கும், இரண்டாவதில் 23 சதவீதம் பேருக்கும் வந்தது. தலைமுறைகள் பட்ட அவதியில் பெரும்பகுதி தேவையற்றது.

இப்போது இதயநோயிலும் இது நுழைந்திருக்கிறது. மாரடைப்பு வந்த 4745 பேரிடம் நடந்த கோல்காட் சோதனையின் முடிவு 2019இல் வெளியானது. நாளுக்கு 0.5 மில்லிகிராம் எடுத்தவர்களில் 5.5 சதவீதம் பேருக்கும், எடுக்காதவர்களில் 7.1 சதவீதம் பேருக்கும் அடுத்த இதயநோய்ப் பாதிப்பு நேர்ந்தது. 2023இல் அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனம் இந்தச் சிற்றளவுக்கு ஒப்புதல் அளித்தது. ஆனால் 2024இல் ஏழாயிரத்துக்கும் மேற்பட்டோரிடம் நடந்த மற்றொரு பெரிய சோதனையில் பலன் தெரியவில்லை. கோவிட் காலத்தில் பிரிட்டனின் ரெகவரி ஆய்வு 11,000க்கும் மேற்பட்ட நோயாளிகளிடம் கோல்சிசினைச் சோதித்து, உயிர் காக்க உதவவில்லை என்று கைவிட்டது. அழற்சி எங்கெல்லாம் உண்டோ அங்கெல்லாம் இது உதவும் என்று நினைத்துவிடக் கூடாது.

அளந்த மாத்திரையும் ஆபத்தாகும் சூழல்கள் உண்டு. கோல்சிசினை உடலிலிருந்து வெளியேற்றும் வழிகளைச் சில மருந்துகள் அடைத்துவிடும். கிளாரித்ரோமைசின் என்ற ஆன்டிபயாடிக் அவற்றில் முக்கியமானது. ஹாங்காங் மருத்துவமனை ஒன்றின் பதிவுகளை ஆராய்ந்து 2005இல் வந்த கட்டுரையின்படி, இரண்டையும் ஒரே நேரத்தில் பெற்ற 88 பேரில் 9 பேர் இறந்தார்கள். ஒன்றன்பின் ஒன்றாகப் பெற்ற 28 பேரில் இறந்தவர் ஒருவர். சிறுநீரகம் பழுதுபட்டவர்களுக்கு வழக்கமான அளவே மிகையாகிவிடும். கவுட் நோயாளிகளில் சிறுநீரகப் பழுது அதிகம் என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். 2007இல் அமெரிக்காவின் போர்ட்லண்டில் முதுகுவலிக்கு நரம்பு வழியே கோல்சிசின் ஊசி போட்டுக்கொண்டவர்கள் இறந்தபோது, குப்பியில் இருக்க வேண்டியதைவிட எட்டு மடங்கு செறிவு இருந்தது தெரியவந்தது. படித்த மருந்தாளுநரின் தராசு பிசகினாலே இந்த விளைவு. தராசே இல்லாமல் அரைத்துக் கொடுப்பதை என்னவென்று சொல்வது?

தமிழ்நாட்டில் கழுத்து, இடுப்புப் பிடிப்புக்கு மருந்துச்சீட்டில் அடிக்கடி வரும் தயோகோல்சிகோசைட் மாத்திரையும் செங்காந்தள் விதையிலிருந்து பிறந்ததுதான் என்பது பலருக்குத் தெரியாது. விதையில் கிடைக்கும் ஒரு பொருளைச் சற்று மாற்றி, தசையைத் தளர்த்தும் மருந்தாக்கியிருக்கிறார்கள். கோல்சிசினின் கொடுமை இதில் இல்லை. ஆயினும் உடலுக்குள் இது சிதையும்போது உண்டாகும் ஒரு பொருள், செல்கள் பிரிகையில் குரோமோசோம் எண்ணிக்கையைக் குலைக்கக்கூடும் என்று கண்டு, 2013இல் ஐரோப்பிய மருந்து முகமை எச்சரித்தது. மாத்திரை ஏழு நாளுக்கு மேல் கூடாது, ஊசி ஐந்து நாளுக்கு மேல் கூடாது, கருவுற்றவர்களும் கருத்தரிக்க வாய்ப்புள்ள, கருத்தடை கையாளாத பெண்களும் எடுக்கவே கூடாது என்று வரம்பிட்டது. வலி தீரவில்லை என்று பழைய சீட்டைக் காட்டி மாதக்கணக்கில் இதை வாங்கித் தின்பவர்கள் நம் ஊர்களில் இருக்கிறார்கள். மருத்துவர்களும் மருந்துக்கடைக்காரர்களும் இதைச் சொல்ல வேண்டும், சொல்வதில்லை.

கிழங்கையோ விதையையோ யாரேனும் விழுங்கிவிட்டால், நன்றாகத்தானே இருக்கிறார் என்று காத்திருக்கக் கூடாது. அமைதியான அந்த முதல் மணிகளில்தான் சிகிச்சைக்கு இடம் இருக்கிறது. குடலில் இருக்கும்போதே கரித்தூள் கொடுத்தால் ஒரு பகுதியை உறிஞ்சிவிடலாம். இரத்தத்தில் கலந்து திசுக்களுக்குள் போய்விட்டால் டயாலிசிஸாலும் வெளியே எடுக்க முடியாது. 108ஐ அழைக்க வேண்டும். என்ன தின்றார் என்பதை மறைக்காமல் சொல்லி, மிச்சக் கிழங்கையோ கொடியின் படத்தையோ கையோடு கொண்டுபோக வேண்டும். வீட்டில் வாந்தி எடுக்க வைக்கும் முயற்சிகள் வேண்டாம். வாந்தி பேதி நின்றதும் தேறிவிட்டார் என்று அழைத்துச் செல்வது பெரிய பிழை, மஜ்ஜை வீழ்வது அதற்குப் பிறகுதான். முறிமருந்து இருக்கிறதா என்றால், 1995இல் பிரான்சில் கோல்சிசினுக்கு எதிரான எதிர்ப்புரதத் துண்டுகளைச் செலுத்தி ஓர் இளம்பெண்ணைக் காப்பாற்றினார்கள். அது சந்தைக்கு வரவில்லை. இந்த நஞ்சேறுபவர்களில் ஏழை நாடுகளின் கிராமத்தார் அதிகம், அவர்களுக்காக மருந்து தயாரிப்பதில் இலாபம் இல்லை என்பதே காரணம் என்று நினைக்கிறேன். மூலப்பொருளை உலகுக்கு விளைவித்துத் தரும் நிலத்தின் ஆய்வகங்கள் அந்த முறிமருந்தைத் தங்கள் பணியாக எடுத்துக்கொண்டால் என்ன?

விளைவிப்பவர்களின் நிலையும் இதோடு சேர்ந்ததே. கவட்டை வடிவக் கிழங்கின் நுனியில்தான் முளை இருக்கும். நுனி முறிந்தால் கிழங்கு வீண். நடவுக்கே பெருந்தொகை போகிறது. பந்தலும் கைமகரந்தச் சேர்க்கையும் கூலியை விழுங்குகின்றன. பொலிட்டெலா என்ற அந்துப்பூச்சியின் புழு, மனிதனைக் கொல்லும் இந்த இலையை மேய்ந்து கொழுக்கிறது. இத்தனைக்குப் பிறகு விதை விலையைச் சில இடைத்தரகர்கள் தீர்மானிக்கிறார்கள். ஆண்டுக்கு ஆண்டு அது ஏறி இறங்குவதால் ஆதார விலை கேட்டு விவசாயிகள் தொடர்ந்து மனுக்கொடுத்து வருகிறார்கள். ஆலை விலை கொடுப்பது கோல்சிசினுக்கு, விவசாயி விற்பதோ கிலோக் கணக்கில். தன் விதையில் எத்தனை சதவீதம் இருக்கிறது என்பது விற்பவருக்குத் தெரியாது, வாங்குபவருக்குத் தெரியும். ஒட்டன்சத்திரத்திலோ மூலனூரிலோ ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்தோடு ஒரு பரிசோதனைக்கூடம் அமைந்து, விதையின் கோல்சிசின் அளவைச் சீட்டில் எழுதித் தந்தால் விவசாயி பேரம் பேச முடியும். விதை மூட்டைகளைச் சமையலறையிலும் தானியங்களோடும் வைக்காமல் பூட்டி வைக்கவும், காய் உடைப்பவர்களுக்குக் கையுறையும் முகமூடியும் கொடுக்கவும், உடைத்த கையைக் கழுவாமல் குழந்தையைத் தூக்காதிருக்கவும் வேளாண்மைத் துறையும் சுகாதாரத் துறையும் சேர்ந்து அந்த ஒன்றியங்களில் சொல்லித்தர வேண்டும். பள்ளிப் பாடநூலில் மாநில மலரின் படம் இருக்கும் பக்கத்திலேயே, இதன் எந்தப் பாகத்தையும் வாயில் வைக்கக் கூடாது என்ற வரியும் அச்சாக வேண்டும்.